ஊசி வேண்டாம் என்றவன்

அருணாவுக்கு,

கையெழுத்து கோணல் என்று திட்டாதே. முசஃபா ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வெல்டிங் செய்யும் சியரா லியோன்காரன் லாமினுக்கு இன்று தகடு பட்டு உள்ளங்கை கிழிந்துவிட்டது. கிளினிக்கில் தையல் போடுமுன் மரத்துப்போகும் ஊசியைப் போட அவன் விடவில்லை.

"யல்லா, சீக்கிரம் போட்டுக்கடா. டூட்டிக்குப் போகணும்" என்று கத்தினேன்.

நெற்றிப்பொட்டுத் தழும்பைக் காட்டினான். "பத்து வயசுல கலகக்காரங்க பிடிச்சுட்டுப் போயி துப்பாக்கி தந்தாங்க, பாய். சண்டைக்கு முன்னாடி இங்க கீறி போதை மருந்து தேய்ப்பாங்க. வலி தெரியாது, பயம் தெரியாது. யாரைச் சுட்டேன்னும் தெரியாது. மறுபடி மரத்துப்போக வேணாம்."

டாக்டரிடம் அப்படியே தைக்கச் சொன்னேன். தைத்து முடியும்வரை என் வலது கையை நசுக்கிக்கொண்டு அலறினான். பிறகு, "வலிக்குது, பாய்" என்று சிரித்தான்.

எனக்கு விரல் இன்னும் மடங்கவில்லை. மகன் கேட்ட பொம்மைத் துப்பாக்கியை வாங்கமாட்டேன். வேறு எதையாவது கேட்கச் சொல்.

உன்
முரடன்