முதல் விளக்குக்கு முன்

பின்ஸ்க்,
20 மே 1903

அன்புக் கணவர் செலிக்குக்கு,

இங்கு நலம். காய்ச்சல் உங்களை விட்டதா? உங்கள் சென்ற கடிதத்தில் ‘யூதர் தாயகம்’ பதினொரு முறை வருகிறது. என் பெயர் இருமுறை.

நம் ருஷ்யாவின் கிஷினேவ் நகரில் நம்மவரைக் கொன்று வீடுகளைச் சூறையாடிய செய்தி வந்ததிலிருந்து என் ரொட்டிக்கடைக்கு வருவோர் ரொட்டியை வாங்கியதும் வீட்டுக்கு விரைகிறார்கள். தையல்காரி ஹின்டா மட்டும், “உன் வீட்டுக்காரரு கெட்டிக்காரருடி, முன்னாடியே ஓடிட்டாரு” என்றாள். “ஓடலக்கா, சதுப்புல சிக்கிக்கிட்டு இருக்காரு” என்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். புறப்பட்ட நாளில் நீங்கள் எழுதிய மணவிலக்குச் சீட்டு நம் சமய அறிஞர் ரபியின் பெட்டியில் இருக்கிறது. மூன்றாண்டுக்குள் என் முன் வந்து நிற்காவிட்டால் அது செல்லும். நீங்கள் வழியில் மாண்டு, சான்றில்லாமல் போனால் நான் காலமெல்லாம் மறுமணத்துக்கு வழியின்றிக் கட்டுண்டு கிடக்கக் கூடாதென்று அன்பால் செய்தீர்கள். ஆனால் நீங்கள் ஆரோன் வழிவந்த குருமார் குடி. விலக்குப் பெற்றவளை, சொந்த மனைவியே ஆனாலும், உங்கள் குடியினர் மீண்டும் மணக்க இயலாது. மறந்தீர்களா? வரும் டிசம்பரில், விளக்குத் திருநாளில் முதல் விளக்கு ஏற்றும் மாலையோடு கெடு முடிகிறது.

உங்கள்
புரூமா

*

யாப்பா அருகே, பாலஸ்தீனம்,
9 ஜூலை 1903

என் உயிர் புரூமா,

மறக்கவில்லை. மூன்றாண்டில் வீடெழுப்பி உன்னை அழைப்பேன் என்று மார்தட்டினேன். சதுப்பு நிலம் மார்தட்டலுக்குச் செவி சாய்ப்பதில்லை.

ஈராயிரம் ஆண்டு வேண்டுதலில் மட்டுமே வாழ்ந்த மண்ணை என் விரல்கள் தொட்டன. விதைத்தேன்; முளைத்தது; அழுதேன். அன்று அண்டை ஊர் அரபு உழவர் அபூ சலீம் வரப்பில் நின்று, “எங்க பாட்டன் உழுத மண்ணுப்பா இது, தெரியுமா?” என்றார். மேடைதோறும் முழங்கிய நான் அவருக்குத் தண்ணீர் நீட்டினேன். குடித்தார். கேள்வியை விட்டுச் சென்றார்.

நான் ஊர் திரும்பினால் இந்நிலம் வேறொருவருக்குப் போய்விடும். ஆயினும் ஒரு சொல் எழுது, கப்பலேறுகிறேன். மண்ணின்றி நம் இனம் ஈராயிரம் ஆண்டு வாழ்ந்தது. நீயின்றி எனக்கு ஓராண்டுகூட ஒழுங்காய் வாழ வரவில்லை.

உன்
செலிக்

*

பின்ஸ்க்,
14 செப்டம்பர் 1903

அன்புள்ளவருக்கு,

ஏறாதீர்கள்.

சுவிஸ் நாட்டுப் பாசலில் நம் இயக்கத்தின் பேராயம் கூடி, ஆங்கிலேயர் ஆப்பிரிக்காவில் நமக்கு இடம் தருவதாகச் சொன்னதைப் படித்தார்களாம். கடையில் ஒரே கூச்சல். “சிங்கம் இருந்தா என்னடி? ஜாரோட கொசாக்குப் படைக்கு சிங்கம் மேலுதான்!” என்றாள் ஹின்டா. நானும் அவள் பக்கமே நின்றேன். பிறகு தெரிந்தது, வேண்டாமென்று மறுத்தவர்களில் கிஷினேவிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள் என்று. குருதி காயாத ஊரிலிருந்து போனவர்கள்! கேட்டதில் அடுப்பை மறந்தேன். ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டது.

மூன்றாண்டாக உங்களைக் கிறுக்கர் என்று ஏசியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதியை நேரில் தருகிறேன். அபூ சலீமிடம் விடை தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அதை மறைப்பவரோடு எப்படி அண்டை வாழ்வது?

அடுப்பை ஹின்டாவிடம் ஒப்படைக்கிறேன்.

புரூமா

*

ஒடெசா,
24 நவம்பர் 1903

அன்புள்ளவருக்கு,

இக்கடிதம் இன்றைய கப்பலில் வருகிறது, நான் அடுத்ததில். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு யாப்பா சேர்வேன்.

கிளம்புமுன் ரபியிடம், “அவரு பின்ஸ்குக்குத்தான் வந்து நிக்கணுமா?” என்று கேட்டேன். தாடியை நீவிக்கொண்டே, “உன் முன்னாடி நிக்கணும், அவ்வளவுதாம்மா. நீ எங்க இருந்தா என்ன?” என்றார். சான்றாளர் இருவரை உடன் அழைத்து வாருங்கள்.

மாரியில் அலை உயர்ந்தால், யாப்பாவில் எவரையும் இறக்காமலே கப்பல் அடுத்த துறைக்குப் போய்விடுமாம். அப்போது படகேறிக் கப்பலுக்கே வந்துவிடுங்கள். கப்பல் தளத்தில் நின்றாலும் செல்லும் என்று ரபியிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். அலைக்கு அஞ்சிக் கரையிலேயே நின்றீர்களானால், நான் கெடு முடிந்தபின் உங்கள் நாட்டில் இறங்கியும் உங்களுக்கு யாரோ.

சொற்பொழிவு எதுவும் ஆயத்தம் செய்ய வேண்டாம். வந்து நில்லுங்கள்.

இன்றுவரை உங்கள் மனைவி,
புரூமா