கடலைப் பார்த்த அறை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ, மருமகள், பேரன் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு ஒப்பவில்லை. உன் தங்கைக்குச் சளி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அது சளி இல்லையடா. நம் வீட்டில் வந்து தங்குகிறவர்களுக்கு இருக்கிற அதே நெஞ்சு நோய். அவள் ஒளித்து வைத்த கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டேன்.

நீ புறப்பட்டபோது நம் ஊரில் என்ன இருந்தது, மணலும் நாலு படகும். இப்போது ரயிலை விட்டு இறங்கினால் சொந்த வீட்டுக்கே வழி கேட்பாய். கடலைப் பார்த்த உன் முன்னறையில் இரண்டு மாதம் வாடகைக்குத் தங்கிய நீதிபதி ஐயா இருமல் நின்று ஊர் திரும்பி, நம் கடல் காற்றைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினாலும் எழுதினார், வண்டிக்கு வண்டி நோயாளிகள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். கரை நெடுக விடுதிகள், சாய்வு நாற்காலிகள். வீட்டுக்கு வீடு முன்னறை வாடகைக்கு. முதலில் ஆரம்பித்து வைத்த மகராசி நான்தான். தேறிப் போனவர்களைப் பற்றி ஊரே பேசும். தேறாதவர்கள் பின்வாசல் வழியாகப் போவார்கள், அதை யாரும் பேச மாட்டோம்.

நான் செய்த காரியத்தைக் கேள். கடல் காற்று முன்னறைக்குள் புகுந்துதானே நடு அறைக்கு வரும். இவ்வளவு பேரைக் குணப்படுத்துகிற காற்று நம் பெண்ணுக்கும் படட்டும் என்று, முன்னறைக் கதவுக்கு நேராக அவள் கட்டிலை இழுத்துப் போட்டேன். மூன்று வருஷம் அவர்கள் இருமிய காற்றைத்தான் அவள் மூச்சாக இழுத்திருக்கிறாள். பெற்ற வயிற்றில் நானே நெருப்பை வைத்துக்கொண்டேன். டாக்டர் வந்து பார்த்தார். கடல் காத்து நல்லா படட்டும்மா என்றார். இருபது வருஷமா அதுலதானே டாக்டர் வளந்தா என்று கேட்டேன். அவர் பையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

விடுதிக்காரர் சங்கத் தலைவர், அதுதான் நம் மீசைக்காரர், அவரும் வந்தார். உள்ளூர்க்காரங்களுக்கே இருமல்னு தெரிஞ்சா யாரும்மா இங்க வருவாங்க, பொண்ணைக் கொஞ்ச நாள் வெளிய விடாதீங்க என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். உன் அப்பாவே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

நீ விடுமுறைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வருவதாக எழுதியிருந்தாய். வராதே அப்பா. பெற்றவள் எழுதுகிற எழுத்தா இது என்று நினைக்காதே. லீவு கிடைக்கவில்லை என்று தங்கைக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நான் சொல்லித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. மருமகளைக் கடிந்து பேசாதே, வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இருங்கள் மூன்று பேரும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதே.

உனக்குப் போகிற கடிதத்துக்கு நாக்கில் தடவித் தபால்தலை ஒட்டுவது எப்போதும் உன் தங்கைதான். உறையை எடுத்து வைத்ததும் வழக்கம்போலக் கை நீட்டினாள். நான் பசைப் புட்டியைத் தேடினேன். ஆமாம்மா, அண்ணன் பாப்பா உறையை எடுத்து வாயில வச்சுக்குவான் என்று அவளே சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா