திணறுகிறேன் என்று யார் சொன்னது?

செவ்வாய்க்கிழமை, பௌர்ணமிக்கு மறுநாள்.

செந்தில் சார் கேட்டது இன்னும் உறுத்துகிறது. அவர் எங்கள் டீம் லீடர். போன மாதம் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் புதிதாக ஒரு மென்பொருள் போட்டார். கீபோர்டில் தட்டும் வேகத்தை வைத்து, புரோகிராம் கோடு எழுதி மூளை களைத்தால் ஓய்வெடுக்கச் சொல்லும். ஆழ்ந்து யோசிக்கும்போது மெசேஜ் வராமல் தடுக்கும். "உங்க நல்லதுக்குத்தாங்க. நாங்க யாரும் பாக்க மாட்டோம்" என்றார்.

இன்று காலை என் மேசைக்கே வந்தார். "கௌரி, லாட்ஜ் புக்கிங் வேலைல ரொம்பத் திணறுறீங்க போல. வேற யாருக்காவது குடுத்துடட்டா?"

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. திணறவும் இல்லை. நேற்று வெகுநேரம் கீபோர்டைத் தொடாமல், ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி யோசித்தேன். ஒரே அறை இரண்டு பேருக்குப் பதிவாகும் கோளாறு அப்படித்தான் பிடிபட்டது.

உன்னிடமும் ஏதாவது சொன்னாரா என்று பக்கத்து மேசை மும்தாஜிடம் கேட்டேன். "என்னை சூப்பர்னாருடி. யோசிக்கும்போது நான் சும்மா எதையாவது தட்டிக்கினே இருப்பேன்" என்று சிரித்தாள்.

மதியத்துக்கு மேல் நானும் வெற்று வரிகளை அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தேன். உருப்படியாக ஒரு யோசனையும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் செந்தில் சாரிடமிருந்து மெசேஜ்: "மதியத்துக்கு மேல கலக்கிட்டீங்க கௌரி. நீங்களே முடிங்க."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் வேலூருக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே உட்கார்ந்துகொண்டு எதைப் பார்த்துக் கலக்கிவிட்டேன் என்கிறார்? யாரும் பார்க்க மாட்டோம் என்ற அந்த மென்பொருளைத்தானே?