விளக்கெண்ணெயில் ஊறிய விமானி ஜாக்கெட்

12 நவம்பர் 2024

ஜாக்கெட்டின் வலது முழங்கையில் நிறம் வெளுத்திருப்பதை இன்றுதான் கவனித்தேன். கிழிசல் இல்லை, வெறும் தேய்மானம். மேல் பழுப்புக்கு அடியிலிருந்து இன்னொரு பழுப்பு எட்டிப் பார்க்கிறது. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

போன ஜனவரியில் ராணிப்பேட்டையில் எடுத்தது. ஏற்றுமதிக்குப் போகாமல் தங்கிப்போன சரக்கை விற்கிற கடை. விமானிகள் போடுகிற மாடல் என்றார் கடைக்காரர். வெள்ளாட்டுத் தோல், இடுப்பிலும் மணிக்கட்டிலும் கம்பளிப் பின்னல், பித்தளை ஜிப். விமானிகளுக்கு எப்படியோ தெரியாது, திருத்தணியிலிருந்து அரக்கோணம் ரயில்வே லோகோ ஷெட்டுக்கு தினமும் ஸ்கூட்டரில் போகிற டெக்னீஷியனுக்கு இதைவிட நல்ல உடுப்பு கிடையாது. விடிகாலைப் பனியில் போட்டுக்கொண்டு போவேன். திரும்பும்போது வெயில் கொளுத்தும், கசக்கி சீட்டுக்கு அடியில் திணித்துவிடுவேன். மறுநாள் உதறினால் ஒன்றும் நடக்காதது போல் தோளில் வந்து உட்காரும். புழுதி, கிரீஸ், டிபன் டப்பாவிலிருந்து வழிந்த சாம்பார் – எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறது. மனிதர்களில் அப்படி எத்தனை பேர்?

நாளை மாமா வருகிறார், என் கணவன் தணிகைமணியின் அப்பா.

13 நவம்பர்

வந்துவிட்டார். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். கையில் ஒரு மஞ்சள் பை, ஒரு குடை. கண்புரை ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். அத்தை ஓசூரில் நாத்தனார் யோகலட்சுமியின் பிரசவத்துக்குப் போயிருக்கிறார், அதனால் இரண்டு மாதம் இங்கேதான். வேறு வழியில்லாமல் வந்திருக்கிறார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கல்யாணம் ஆகி ஆறு வருடம். கிறிஸ்துவப் பெண்ணைக் கட்டியதற்கு மகனிடம் இரண்டு வருடம் பேசவில்லை. அப்புறம் பேசினார். என்னிடம் இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. அந்த வீட்டு வாசற்படியை நான் மிதித்ததும் இல்லை. அத்தை மட்டும் அவருக்குத் தெரியாமல் போன் பண்ணுவார்.

ஹாலில் முருகர் படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஜாக்கெட் தொங்கியது. பார்த்தார். ஐந்தடி தள்ளி நான் நிற்கிறேன், தணிகைமணியிடம் சொல்கிறார்: "சாமி படத்தாண்ட இன்னாடா தோலு? வெளிய மாட்டச் சொல்லு."

"ஆட்டுத்தோல் மாமா" என்றேன்.

"ஆடா மாடான்னா கேட்டேன்?" – இதுவும் மகனிடம்தான்.

முருகருக்கே ஆட்டுக்கடா வாகனம் உண்டே என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் படத்தை அங்கே மாட்டியதே நான்தான் என்பதும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டேன். தணிகை வெளியே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தான். அடிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த இரண்டு மாதத்தில் அவர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும். திட்டினாலும் சரி.

20 நவம்பர்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார், மாநாட்டுக்கு வந்த தலைவர் மாதிரி. வேளாவேளைக்கு சொட்டு மருந்து விடுவது நான். அண்ணாந்து கொடுக்கிறார், விட்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்.

1 டிசம்பர்

நேற்று புயல் மழை. ஷெட்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. ரோடு எது வயல் எது என்று தெரியாத மழை. முதல் பாதி தூரம் தண்ணீர் தோல் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அப்புறம் தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது, ஆனால் உள்ளே விடவில்லை. போய்ச் சேர்ந்தபோது மணிக்கட்டும் கழுத்தும்தான் ஈரம், நெஞ்சு காய்ந்தே இருந்தது. ரெயின்கோட் போட்டு வந்தவர்கள் எல்லாம் பிழிந்துகொண்டு நின்றார்கள். எனக்கு ஒரே பெருமை, என்னமோ நானே தைத்த மாதிரி.

வந்ததும் வெளி ஆணியில் மாட்டினேன். உள்ளே ஃபேனுக்கு அடியில் காயப்போட்டிருக்கலாம். யாரிடம் கேட்பது?

5 டிசம்பர்

காற்றிலும் வெயிலிலும் மாறி மாறிக் காய்ந்து ஜாக்கெட் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. கையை மடக்கினால் முனகுகிறது. ஞாயிற்றுக்கிழமை க்ரீம் தடவ வேண்டும். தினம் விறைப்பாகவே போட்டுப் போகிறேன்.

7 டிசம்பர்

விடுமுறை. காலையில் மலைக் குரங்கு ஒன்று ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிட்டது. காலரைக் கடித்துப் பார்க்கிறது, ஜிப்பை இழுத்துப் பார்க்கிறது, கைக்குள் தலையை விடுகிறது. நான் கீழே நின்று கத்துகிறேன். மாமா கண்ணாடியும் கையுமாக வந்தார். உள்ளே போய் பூஜைக்கு வைத்திருந்த சீப்பிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்து வந்து நீட்டி, "டேய், வா ராஜா, அத வுட்டுட்டு இத எடுத்துக்க" என்றார். குரங்கு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டுப் பழத்துக்கு வந்தது.

அந்தக் குரங்கிடம் நேராகப் பேசுகிறார்!

ஜாக்கெட்டைக் கீழிருந்து எடுத்தது அவர்தான். முதல் தடவையாகத் தொடுகிறார். ரொம்ப நேரம் கையில் வைத்து வளைத்து வளைத்துப் பார்த்தார். காலரில் இரண்டு பல் தடம், அவ்வளவுதான் சேதம். தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. "காஞ்சி கீது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அதே வெளி ஆணியில் மாட்டினார்.

9 டிசம்பர்

கோபத்தில் எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

நேற்றே க்ரீம் வாங்கி வைத்திருந்தேன், தடவ நேரமில்லை. இன்று அவசரத்தில் ஸ்வெட்டரோடு போய்விட்டேன். சாயங்காலம் வந்தால் பின்பக்கம் துணி துவைக்கிற பெரிய பேசின். அதில் எண்ணெய். எண்ணெய்க்குள் என் ஜாக்கெட். மூழ்கடிக்க மேலே ஒரு செங்கல்! விளக்கெண்ணெய். பஜாருக்கு அவரே கண்ணாடி மாட்டிக்கொண்டு போய் டின் டின்னாக வாங்கி வந்திருக்கிறார்.

"மாமா, இது இன்னா தறி சாமானா?" என்று கத்திவிட்டேன்.

அவர் பேசினைப் பார்த்துச் சொன்னார்: "பிக்கர ஊறப்போடாம மாட்டுனா நாலு நாள்ல பொளந்துக்கும். இதுவும் காஞ்சி கருவாடாட்டம் ஆய்ட்ச்சி. அதான்."

விசைத்தறியில் ஊடு நூலைக் கொண்டு போகிற நாடாவை அடித்துத் தள்ளுகிற தோல் கட்டைக்குப் பேர் பிக்கர். எருமைத் தோல். மாதக்கணக்கில் எண்ணெயில் போட்டுவைத்த பிறகுதான் தறிக்கு வரும். தணிகை எப்போதோ சொல்லியிருக்கிறான். அது எருமை, கட்டை! இது ஆடு, கம்பளி, உள்பக்கத்து அஸ்தர் துணி எல்லாம் சேர்ந்தது! யாரைக் கேட்டு செஞ்சாரு? ஒரு வார்த்த பேச வாய் வரல, எண்ணெய் ஊத்த மட்டும் கை வருதா? என் சம்பளத்துல நான் ஆசையா வாங்குன ஒரே பொருள். போச்சு. அவ்ளோதான். போச்சு.

சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை என்று தணிகை சொன்னான். சாப்பிடாம இருக்கட்டுமே.

10 டிசம்பர்

ஷெட்டிலிருந்து ஒரு மூட்டை காட்டன் வேஸ்ட் கேட்டு வாங்கி வந்தேன். இஞ்சின் துடைக்கிற நூல் கழிவு. பின்பக்கம் உட்கார்ந்து ஒத்தி ஒத்தி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் எதிரில் வந்து உட்கார்ந்தார். மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து, நூலை விரலில் உருட்டிக் கனம் பார்த்து, "நாப்பதாம் நம்பரு" என்றார் – நூலிடம். அப்புறம் ஜாக்கெட்டின் இன்னொரு கையைத் துடைக்க ஆரம்பித்தார். வலது கை அவருக்கு, இடது கை எனக்கு. இருட்டும் வரை துடைத்தோம். எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் ஒரு மனிதர் பாடுபட்டு வேலை செய்கிறபோது அவரைப் பார்த்துக் கோபப்படுவது கஷ்டமாக இருக்கிறது.

17 டிசம்பர்

பிழைத்துவிட்டது! பழுப்பு, காப்பிக்கொட்டை நிறமாகிவிட்டது. முன்னைவிடக் கனம். கம்பளிப் பின்னலை மூன்று தடவை அலசியும் பிசுக்கு இருக்கிறது. ஷெட்டில் எல்லோரும், "பிள்ளை பெத்தவ வாசம் வருதே" என்கிறார்கள். ஆனால் தோல் மெத்தென்று இருக்கிறது, முனகல் போய்விட்டது. எத்தனை அடித்தாலும் தாங்குகிறதே, என்ன சென்மம் இது என்று தடவிக்கொடுத்தேன்.

25 டிசம்பர்

ஆலயத்திலிருந்து வந்தபோது, மாமா பிளம் கேக்கை மகனிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது துண்டு. "முட்ட போட்டா செய்வாங்க?" என்று கேட்டார், சாப்பிட்டு முடித்த பிறகு.

8 ஜனவரி 2025

விழுந்துவிட்டேன். இடது கையால் எழுதவில்லை, வலது கையால்தான் எழுதுகிறேன். அதுதான் விஷயமே.

ஆலைக்குப் போகிற கரும்பு லாரி சிந்திவிட்டுப் போன சோகை இலை, வளைவு முழுக்கப் பனியில் நனைந்து கிடந்தது. பிரேக் பிடித்தேன், வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வலது தோளும் முழங்கையும் தாரில் இழுபட்டுக்கொண்டே போனது நன்றாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் நினைத்தது ஒன்றே ஒன்று: கை போச்சு, வேலை போச்சு.

பேண்ட் கிழிந்து முட்டி சிராய்த்து ரத்தம். ஜாக்கெட் முழங்கை சாம்பல் பூசிய மாதிரி உரசியிருந்தது. ஓட்டை இல்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே என் முழங்கை லேசாகச் சிவந்திருக்கிறது, ஒரு கீறல் இல்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தூக்கிவிட்டவர்கள் எலும்பு முறிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கட்டு போட்டுக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். தணிகை கம்பெனிக்குப் போயிருந்தான். மாமாதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். ஜாக்கெட்டின் முழங்கையைப் பார்த்தார்.

"கைய நீட்டு."

நீட்டினேன்.

"மடக்கு. வலிக்குதா?"

"இல்ல மாமா."

"பொய் சொல்லாத. போய் உக்காரு, காபி வெக்கறேன்."

காபியில் சர்க்கரை இல்லை, பால் தீய்ந்திருந்தது. முழுசும் குடித்தேன். டம்ளரைக் கழுவும்போதுதான் உறைத்தது, என்னிடம் பேசியிருக்கிறார் என்று.

சாயங்காலம் தணிகையிடம் சொன்னேன். "நைனா உன்கிட்ட பேசினாரா? இன்னா பேசினாரு?" "பொய் சொல்லாதன்னாரு." இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

9 ஜனவரி

மறுபடி மௌனம். நேற்று வாய் தவறிவிட்டதோ என்னமோ.

11 ஜனவரி

வலது மணிக்கட்டுப் பின்னல் தாரில் சிக்கி இழை இழையாகப் பிரிந்திருந்தது. இன்று மாமா ஹாலில், முருகர் படத்துக்கு நேர் கீழே, ஜாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஆபரேஷன் செய்த கண்ணால் தானே ஊசி கோர்த்தாராம், மகனிடம் பெருமை. பழுப்பு நூல் இல்லை, மெரூன் நூல். தூரத்திலிருந்தே தெரிகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

எண்ணெயில் ஊறியதால்தான் கிழியவில்லை என்று மகனிடம் சாதிக்கிறார். நல்ல தோல், அதனால் தாங்கியது என்பது என் கட்சி.

18 ஜனவரி

பொங்கல் முடிந்து ஊருக்குக் கிளம்பினார். மஞ்சள் பை, குடை. மகனிடம் ஆயிரம் புத்தி சொன்னார். என்னிடம் தலையை ஆட்டினார். ஊருக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். என்ன எதிர்பார்த்தேன்? பேராசைதான். இருந்தாலும் வலிக்கிறது.

ஜாக்கெட்டை இன்னும் மீட்டர் பெட்டிப் பக்கமே மாட்டுகிறேன். பழகிவிட்டது.

7 பிப்ரவரி

புது நம்பரிலிருந்து போன்.

"யாரு, ஸ்வீட்லினா?"

என் பேரை அவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. "ஆங், மாமா" என்றேன்.

"கொழந்தய கூட்டிகினு யோகா வந்துகீறா. ஞாயித்துக்கெழம நீங்க ரெண்டு பேரும் வாங்க." கொஞ்சம் நிறுத்தி, "வெயிலா கீது, ஆனா நீ அந்தக் கோட்ட போட்டுகினே வா. ஆர்.கே.பேட்ட ரோட்ல ஜல்லி கொட்டி வெச்சிகீறானுங்க."

வைத்துவிட்டார்.

9 பிப்ரவரி

முதல் ஆராதனை முடித்துக்கொண்டு கிளம்பினோம். தணிகை ஓட்ட, பின்னால் நான், கொளுத்துகிற வெயிலில் கழுத்து வரை ஜிப் போட்டுக்கொண்டு. ஜல்லி கொட்டியிருந்தது உண்மைதான்.

வாசலில் அத்தையும் யோகலட்சுமியும். தறிச் சத்தம் தெரு முழுக்க. படியில் நின்று ஜாக்கெட்டைக் கழற்றினேன், வெளியே எங்கே மாட்டலாம் என்று பார்த்தேன். உள்ளேயிருந்து மாமா, "அங்க எதுக்கு நிக்கற, குரங்கு வரும். உள்ள எடுத்தா" என்றார்.

போனேன். கூடத்துச் சுவரில் அவர் சட்டை மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி இருந்தது. புதுசு. அடித்தபோது உதிர்ந்த சுண்ணாம்புத் தூள் இன்னும் தரையில் கிடந்தது.