நோட்டோடு நடந்த கிரிவலம்

பாசமுள்ள தேவகி அக்காவுக்கு,

நேற்று நம் சமய ஆய்வுச் சங்கத்தில் உங்களுக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. செங்கம் ரோட்டு மாடி அறையில் உங்கள் படத்தை வைத்தோம். அதற்கு மேல் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. "விளக்கு ஏத்தலாங்களா?" என்றார் செயலாளர். "ஏங்க, அவங்களுக்குச் சாமி நம்பிக்கை உண்டா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷம் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். எனக்கும் தெரியவில்லை அக்கா.

நீங்கள் போட்ட விதிதானே? "செருப்பை விடுற இடத்துலயே அவங்கவங்க நம்பிக்கையையும் விட்டுட்டு உள்ள வாங்க. இங்க மதத்தைப் படிக்கிறோம், அவ்ளோதான்" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வீர்கள். "நீங்க கும்புடுவீங்களா?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவர் செலவு.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வசந்தி, இந்தப் பௌர்ணமிக்கு எனக்காக மலையை ஒரு சுத்து சுத்திட்டு வரியா?" என்றீர்கள். நான் என்ன கேட்டேன்? "எதைப் பத்திங்க அக்கா குறிப்பு எடுக்கணும்?" பாழாய்ப்போன வாய்! நீங்கள் என் கையை விட்டீர்கள். பிறகு, "உனக்குத் தோணுறத எடு" என்றீர்கள்.

போனேன். எதற்காக நடக்கிறீர்கள் என்று வழியெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். அடி அண்ணாமலையில் ஒரு அம்மா மட்டும், "நீ யாருக்கோசரம் நடக்கிறம்மா?" என்று திருப்பிக் கேட்டார். "ஆராய்ச்சிக்குங்க" என்றேன்.

மறுநாள் நோட்டை உங்கள் முன்னால் விரித்தேன். நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. "எனக்காக வேண்டிக்கிட்டியாடி?" என்றீர்கள். நான் நோட்டை மூடினேன். "சரி விடு. ஜாஸ்தி நடந்திருக்க, போய்ப் படு" என்றீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

பயமாக இருந்ததா அக்கா? விதி போட்டவரே எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டீர்களா? "வேண்டிக்கிட்டியாடி" என்ற அந்த ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடாமல் கொல்கிறது.

நேற்று விளக்கை நான்தான் ஏற்றினேன். டீக்கும் நானே காசு கொடுத்தேன்.

வருகிற பௌர்ணமிக்கு மறுபடி நடப்பேன். செருப்போடு நோட்டையும் சங்கத்து மாடிப்படியில் விட்டுவிட்டுப் போவேன். எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று இன்னமும் தெரியாது. நீங்கள் பிழைக்கணும் என்று வேண்டிக்கொள்ளும் நாளும் போய்விட்டது. ஆனால் இந்தத் தடவை யாராவது கேட்டால், "எங்க அக்காவுக்கோசரம்" என்று சொல்வேன்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
வசந்தி