குமிழி வரும் இடம்

என் உசிருக்கு உசிரான மச்சான் சிவலிங்கத்துக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறதா, தூண்டில் போட விடுகிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. இங்கே மஸ்கெலியா நீர்த்தேக்கம் பாதிக்கு வற்றிக் கிடக்கிறது. மழை வர வேண்டிய மாதத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது.

உனக்கு ஒரு சேதி. கேட்டால் என்னை அடிக்க வருவாய். தண்ணீரில் குமிழி வந்தால் அடியில் மீன் மூச்சு விடுகிறது என்று சொல்லிச் சொல்லியே ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னைக் கரையில் காயப்போடுவாயே, அது மீன் இல்லையாம் மச்சான். காஸாம்! சமையல் காஸ் மாதிரி எரியக்கூடச் செய்யுமாம்.

சொன்னது யார் தெரியுமா? உன் மகள் தர்ஷினிதான். கேம்பஸில் கடலைப் பற்றிப் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் என்னை அணைக்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். "அடியில செத்தை, சேறு எல்லாம் அழுகி மீத்தேன்னு ஒரு காஸ் வருது மாமா. தண்ணி சூடானா இன்னும் கூடும்" என்றாள். கடலுக்கு அடியில் இதே காஸ் பனிக்கட்டி மாதிரி உறைந்து கிடக்கிறதாம். கடல் சூடேறினால் அது இளகி வெளியே வருமாம். மேலே வந்து காற்றில் கலந்தால் உலகம் இன்னும் சூடாகுமாம். சூட்டினால் காஸ், காஸினால் சூடு. இதில் எது முதல், எது பிறகு? எனக்குத் தலை சுற்றிவிட்டது.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். எத்தனை புழுவை வீணாக்கினோம்! பிறகு சிரிப்பு நின்றுபோனது. அன்றைக்கும் குமிழியைத் துரத்திக்கொண்டுதானே நீ தெப்பத்தில் போனாய்? "திரும்பி வாடா" என்று கரையிலிருந்து கத்தினேனே, உனக்குக் கேட்டதா?

இப்போது கடலில் அந்தக் காஸை அளக்க உன் மகளைக் கேம்பஸிலிருந்து கப்பலில் கூப்பிடுகிறார்கள். என் தங்கச்சி, அதுதான் உன் பொண்டாட்டி பூமணி, அடுப்படியில் உட்கார்ந்து ஒரே அழுகை.

"தண்ணி ஒருத்தர எடுத்தது போதும்ணே. தாய்மாமன் நீங்க சொன்னாத்தான் கேப்பா. வேணாம்னு சொல்லுங்க."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு. "அடியில வர்ற காஸ் அம்புட்டும் மேல வந்துருமா புள்ள?" என்று தர்ஷினியிடம் கேட்டுவிட்டேன்.

"ஆழமான கடல்ல நெறைய வழியிலேயே கரைஞ்சிரும் மாமா. மேல எவ்வளவு வருதுன்னு யாருக்கும் இன்னும் சரியாத் தெரியல."

"தெரியாத எடத்துக்கு எதுக்குப் போகணும்?"

"தெரியலன்னுதானே மாமா போறோம்."

அச்சு அசல் உன் முகம். "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டேன்.

பூமணி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தேத்தண்ணி மட்டும் கொண்டுவந்து வைக்கிறாள். நான் செய்தது சரியா? உன்னை எது இழுத்துக்கொண்டு போனதோ, அதன் பின்னாலேயே உன் மகளையும் அனுப்புகிறேனா? அவள் முகத்தைப் பார்த்தால் சரி என்று படுகிறது. தங்கச்சி முகத்தைப் பார்த்தால் ஐயோ என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது மச்சான்.

அடுத்த வாரம் ஹட்டனில் அவளைக் கொழும்பு ரயிலில் ஏற்றிவிடுவேன். அவள் திரும்பி வருகிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அணைக்கரையில் இருப்பேன். குமிழி வரும் இடமாகப் பார்த்துத்தான் தூண்டில் போடுவேன். அங்கே மீன் இல்லை என்று இப்போது தெரியும். இருந்தாலும் போடுவேன்.

உன் மச்சான்,
உன் மகளைப் போய்வரச் சொன்ன தாய்மாமன்,
ராசு