மேலதிகாரிக்கு ஒரு மலை

சூச்சோவ்,
மழை விட்ட மறுநாள்.

என் மகன் பெய்யுவானுக்கு அம்மா எழுதுவது. யுன்னான் காய்ச்சல் எதுவும் உன்னை அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், ஊறுகாய்க் கடை சுகம், உன் மாமாவும் ரொம்ப சுகம், எனக்குத் தொந்தரவே அதுதான்.

உன் மேலதிகாரிக்கு மாமன் கையால் ஒரு மலைப்படம் கிடைத்தால் உன்னை ஊர்ப்பக்கம் மாற்றிவிடுவார் என்று நீ எழுதியதிலிருந்து நான் பட்ட பாட்டைக் கேள். உங்கள் தம்பி ஷாவ் யூன் மூடுபனியைக் குடித்து மேகத்தில் படுப்பவர், பொன்னும் பொருளும் அவர் கண்ணுக்கே தெரியாது என்று ஒரு பெரிய மனிதர் பல்லக்கிலிருந்து இறங்கி என்னிடமே சொல்கிறார், அந்த நேரம் மூடுபனி குடிப்பவர் உள்ளே நான் ஆக்கி வைத்த பன்றிக்கால் சட்டியை வழித்துக்கொண்டிருந்தார். பொன் கண்ணுக்குத் தெரியாது வாஸ்தவம், அரிசி விலையும் தெரியாது. மலை மலையாக வரைகிறானே, ஒன்றிலாவது ஏறியிருக்கிறானா? நம் கால்வாய்ப் பாலத்தில் ஏறினாலே முட்டியைப் பிடித்துக்கொள்கிறான், எதிர்வீட்டு வாத்து விரட்டினால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறான்.

படம் கேட்டேன். "கேட்டா வராதுக்கா, அதுவா வரணும்" என்றான். காசு கொடுக்கிறேன் என்றால் இன்னும் மோசம், படித்தவர்கள் படம் விற்பது கேவலமாம், என் ஊறுகாய்க் காசில் படித்தது மட்டும் கேவலமில்லை. ஆனால் தெருமுனையில் தோஃபு விற்கிறவள், சுவரெல்லாம் கறையாகிவிட்டது என்று சொன்னாளாம், மறுநாளே அவளுக்கு ஓர் அருவி! நான் கத்தினதுக்கு, "அவ எங்கக்கா கேட்டா, சும்மா சொன்னா" என்கிறான். ஜாடியில் போட்டு உப்பிட்டு மூடிவிடலாமா என்று இருந்தது. அப்புறம் நானும் கேட்பதை விட்டேன். முள்ளங்கி நறுக்கிக்கொண்டே, பெய்யுவான் அங்கே நல்ல மீனே கிடைக்காமல் இளைத்துவிட்டானாம் என்று வேலைக்காரியிடம் சொன்னேன், அவன் காதில் விழும்படியாக. மழையும் பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்திக்கொண்டவன் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை, அவனா அப்படி!

திறந்தபோது படம் சுவரில் இருந்தது. தூரத்தில் மலை, விட்டும் விடாத மழை, கீழே நம் படித்துறையில் கட்டிப்போட்ட ஒரு படகு. படகில் ஆளில்லை. ஓர் ஆளைப் போட மை தீர்ந்துவிட்டதா என்றேன். "உக்கார வேண்டியவன் யுன்னான்ல இருக்கானே" என்றான். சரி என்று ஓரத்தைப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டேன். இன்னாருக்கு வரைந்தது என்று பெயர் எழுதுகிற இடத்தில் மேலதிகாரி பெயருக்குப் பதில் உன் பெயர். அடுத்தவன் பெயர் போட்ட படத்தை எந்த அதிகாரி தன் கூடத்தில் மாட்டுவான்? வேறொன்று வரையடா என்று கெஞ்சினேன், "முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு எனக்கு எப்படிக்கா மழை வரும்?" என்கிறான். எனக்கு மழை வேண்டாம், பிள்ளைதான் வேண்டும். படத்தைச் சுருட்டிக்கொண்டு, படங்களுக்குப் பின்தாள் ஒட்டுகிற கெங்கிடம் போய் உன் பெயர் இருக்கும் வரியை மட்டும் வெட்டி எடுத்துத் தடம் தெரியாமல் ஒட்டச் சொன்னேன். "இது பாவம்மா" என்றார். பாவம் என் தலையில், நீர் வெட்டும் என்றேன். மாமனின் கையெழுத்தும் முத்திரையும் தள்ளிக் கீழே இருந்ததால் தப்பித்தோம். விஷயம் அவனுக்குத் தெரிந்துபோய் என்னோடு பேசுவதில்லை, கிண்ணத்தை மட்டும் நீட்டுகிறான்.

படம் மூங்கில் குழாயில், தேயிலைக்காரர்களோடு வருகிறது. கொடுக்கும்போது இடமாற்றத்தைப் பற்றி வாய் திறக்காதே, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு நில். காய்ச்சாத தண்ணீர் குடிக்காதே. நோய்நொடி இல்லாமல் நீ நூறாண்டு இருக்க வேண்டும், அதில் பாதியாவது என் கண்முன் இருக்க வேண்டும்.

வெட்டிய துண்டை எறிய மனம் வரவில்லை. இந்தக் கடிதத்துக்குள்ளேதான் வைத்திருக்கிறேன், இரண்டு விரல் அகலம்தான், பிரிக்கும்போது காற்றில் விட்டுவிடாதே. 'பெய்யுவானுக்கு. படகை அவிழ்க்கவில்லை. மாமா' என்று எழுதியிருக்கிறான்.

இப்படிக்கு,
அம்மா